படைமுகாம் வாசலில் யார் பெயர்? நான்கு ஜெர்மன் விமானிகளும் ஒரு முடிவும்

ஜெர்மன் விமானப்படையின் முகாம் ஒன்றுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் நான்கு பெயர்கள் இருக்கின்றன: வெர்னர் மோல்டர்ஸ், ஹான்ஸ்-யோவாகிம் மார்செய், ஹெல்முட் லென்ட், யோஹானஸ் ஸ்டைன்ஹாஃப். நால்வரும் இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் விமானப்படையில் பறந்தவர்கள். நால்வர் கணக்கிலும் நூறுக்கு மேல் எதிரி விமானங்கள்.

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. போருக்குப் பின் உருவான ஜனநாயக ஜெர்மனியின் ராணுவம் இந்த நால்வர் பெயரையும் தன் முகாம்களுக்கும் படைப்பிரிவுகளுக்கும் வைத்திருந்தது. மோல்டர்ஸ் பெயர் 2005-லும், லென்ட் பெயர் 2020-லும், மார்செய் பெயர் 2021-லும் போய்விட்டன. ஸ்டைன்ஹாஃப் பெயர் மட்டும் நிற்கிறது. எடுத்தது சரியா, விட்டுவைத்தது சரியா என்று ஒவ்வொருவர் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றை எடுத்தது சரி, நான்காவதை வைத்திருப்பதும் சரி. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி எனக்கு ஒப்பாது.

முதலில், எத்தனை விமானம் வீழ்த்தினார் என்ற கணக்கை ஒதுக்கிவிடுவோம். இணையத்தில் ஜெர்மன் விமானிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதிலேயே தொடங்கி அதிலேயே முடிகிறது. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் இந்த நால்வருக்கும் இடமே கிடையாது. எரிக் ஹார்ட்மன் 352, கெர்ஹார்ட் பார்க்ஹார்ன் 301, கியூந்தர் ரால் 275 என்று பட்டியல் போட்டு முடித்துவிடலாம். இவ்வளவு பெரிய எண்கள் வந்ததற்குத் திறமை ஒரு காரணம்தான். அமெரிக்க விமானி குறிப்பிட்ட காலம் பறந்தபின் ஊருக்குத் திரும்பினார், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஜெர்மன் விமானிக்கு அந்த ஏற்பாடு இல்லை. சாகும்வரை, அல்லது பறக்க முடியாத அளவுக்கு உடல் சிதையும்வரை அவர் முன்னணியிலேயே இருந்தார். 1941-ல் கிழக்கில் அவர்களுக்கு எதிரே வந்த சோவியத் விமானிகள் பலருக்கு முறையான பயிற்சிகூடக் கிடையாது. ஆக அந்த எண், விமானியைவிட அவரை விடாமல் பிழிந்த அமைப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

சரி, மார்செய். நால்வரில் இளைஞர்களை உடனே கவரக்கூடியவர் இவர்தான். 1919-ல் பெர்லினில் பிறந்தவர், ராணுவ அதிகாரியின் மகன். ஜாஸ் இசைப் பிரியர், கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர், இரவெல்லாம் ஊர்சுற்றிவிட்டுக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பவர். அவரைச் சமாளிக்க முடியாமல் தன் அணியிலிருந்து வெளியே அனுப்பிய அணித்தலைவர் யார் தெரியுமா? நம் பட்டியலின் நான்காவது பெயரான ஸ்டைன்ஹாஃப்!

அப்புறம் 27-ஆம் பிரிவோடு வட ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே மேதையாக மலர்ந்தார் என்று சொன்னால் மிகை இல்லை. 158 வெற்றிகளில் 151 அந்தப் பாலைவன வானில் வந்தவை. எதிரி விமானங்கள் தற்காப்புக்காக வட்டமிடும்போது அந்த வட்டத்துக்குள்ளேயே புகுந்து, எதிரி வரப்போகும் இடத்தைக் கணித்துச் சில தோட்டாக்களிலேயே வேலையை முடிப்பார். 1942 செப்டம்பர் 1 அன்று ஒரே நாளில் 17 விமானங்கள் என்று அவர் கணக்கில் ஏறியது. அந்த மாதக் கடைசியில், 30-ஆம் தேதி, புதிதாக வந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தின் எஞ்சின் தீப்பிடித்தது. புகையில் கண் தெரியாமல் வெளியே குதித்தார். வால் பகுதியில் மோதியதால் பாராசூட் விரியவே இல்லை. வயது 22.

அவருக்காக வாதாடுபவர்கள் இரண்டு சம்பவங்களைச் சொல்வார்கள். தான் வீழ்த்திய எதிரி விமானி எப்படி இருக்கிறார் என்று எழுதிய தாளை, சுடப்படும் ஆபத்தோடு எதிரியின் தளத்துக்கே பறந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார். தென்னாப்பிரிக்கப் படையிலிருந்து சிறைப்பட்ட மேத்யூ லெட்டுகு என்ற கறுப்பினத்தவரைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டு நண்பராக நடத்தினார். இனவெறியே அரசாங்கமாக இருந்த காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவற்றை வைத்து அவரை நாஜி எதிர்ப்பாளர் ஆக்குவது இழுத்துக்கட்டும் வேலை. பரப்புரைத் துறை அவரை நட்சத்திரமாக்கியது. ஹிட்லர் கையால் பதக்கம் வாங்கினார். இறந்த பிறகும் பெயர் சுவரொட்டிகளில் வாழ்ந்தது. நல்ல மனசுக்காரர், அபாரமான விமானி. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் பதில். 1975-ல் ஹாம்பர்க் அருகே ஆப்பன் என்ற ஊரில் இருந்த முகாமுக்கு அவர் பெயர் வைத்தார்கள். அங்கே இருப்பது விமானப்படையின் கீழ்நிலை அதிகாரிகளுக்கான பயிற்சிப்பள்ளி! ஒழுக்கம் கற்றுத்தரும் இடத்துக்கு, ஒழுங்கீனத்துக்காக அணியைவிட்டு அனுப்பப்பட்டவர் பெயர். இந்த முரண் யாருக்காவது சிரிப்பை வரவழைத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை.

லென்ட் வேறு வகை. பாதிரியாரின் மகன், அமைதியானவர், இரவு நேரப் போர் விமானி. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களை இருட்டில் ரேடார் உதவியோடு தேடிப் பிடிப்பது அவர் வேலை. 110 வெற்றிகள், பெரும்பாலும் இரவில். 1944 அக்டோபரில் தரையிறங்கும்போது ஏற்பட்ட விபத்தில் காயப்பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். வயது 26. இவர் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் நாட்டின் மேலே பறந்தார்கள். இவரோ, ஹாம்பர்க் மாதிரி எரிந்துகொண்டிருந்த தன் நகரங்களை நோக்கி வந்த விமானங்களைத் தடுத்தார். அந்த நகரங்களில் இருந்தவர்கள் பெண்கள், குழந்தைகள். அதே நேரம், லங்காஸ்டர் என்ற ஒவ்வொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்திலும் ஏழு பேர் இருந்தார்கள். அவர்கள் முடித்துவைக்க வந்த ஆட்சி கீழே வதைமுகாம்களை நடத்திக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் தராசில் வைத்து எடைபோட என்னால் முடியவில்லை. முகாமுக்குப் பெயர் வைக்க அந்த எடை தேவையும் இல்லை. லென்டின் இறுதிச்சடங்கை பெர்லினில் அரசு மரியாதையோடு நடத்தியது ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங். அந்த மரியாதைக்கு மேலே ஜனநாயக அரசு இன்னொரு மரியாதை சேர்க்க வேண்டுமென்றால், அவர் வாழ்க்கையில் தனியாக ஏதாவது வேண்டும். அது கிடைக்கவில்லை. ரோட்டன்பர்க் ஊரில் இருந்த முகாமுக்கு 1964-லிருந்து இருந்த அவர் பெயரை உள்ளூர்க்காரர்கள் பலர் விட மனசில்லாமல்தான் விட்டார்கள். இப்போது அங்கே இருப்பது, நெப்போலியன் காலத்தில் போரிட்ட ஃபோன் டியூரிங் பெயர்.

மோல்டர்ஸ் விஷயம்தான் சிக்கல். இவரைச் சட்டென்று தள்ளிவிட முடியாது.

1913-ல் பிறந்தார். தந்தை முதல் உலகப்போரில் இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது. ஆழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம். விமானத்தில் ஏறினாலே குமட்டும் உடம்பு. முதல் மருத்துவப் பரிசோதனையிலேயே பறக்கத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடாமல் மறுபடி முயன்று சேர்ந்தார். 1938-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு, ஃபிராங்கோவுக்கு உதவ ஹிட்லர் ரகசியமாக அனுப்பிய கோண்டோர் படையில் சேர்ந்து போனார். அங்கே 14 விமானங்களை வீழ்த்தினார். அதைவிட முக்கியமாக, சண்டை விமானங்கள் பறக்கும் முறையையே மாற்றினார். அதுவரை மூன்று விமானங்கள் நெருக்கமாக ஒட்டிப் பறப்பார்கள். ஒருவரை ஒருவர் இடித்துவிடாமல் இருப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடும். அதை மாற்றி, இரண்டு ஜோடிகளாக நான்கு விமானங்கள், விரித்த கையின் விரல்நுனிகளைப் போல இடைவெளி விட்டுப் பறக்கும் முறையை அவர் ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொருவரும் அடுத்தவர் முதுகைக் காக்கலாம், வானத்தைத் துழாவலாம். பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் பின்னால் இதையே எடுத்துக்கொண்டார்கள். கீழே பணியாற்றிய விமானிகள் அவரை ‘அப்பா’ என்றே கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

1941 ஜூலையில், உலகப்போரில் நூறு வெற்றிகளைத் தொட்ட முதல் விமானி ஆனார். உடனே அவரைச் சண்டைக்குப் போகக் கூடாது என்று தடுத்து, 28 வயதில் போர் விமானப் பிரிவுக்கே பொறுப்பாளராக்கினார்கள். நவம்பர் 22 அன்று, எர்ன்ஸ்ட் ஊடெட் என்ற தளபதியின் இறுதிச்சடங்குக்குப் பயணியாகப் போகும்போது, பிரெஸ்லாவ் அருகே விமானம் விழுந்து இறந்தார்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். 1942 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு கடிதம் கைக்குக் கை பரவியது. மோல்டர்ஸ் ஒரு பாதிரியாருக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட அந்தக் கடிதத்தில், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எதிராக அவர் தன் விசுவாசத்தைப் பேசுவது போல இருந்தது. தேவாலயங்களில் அதை வாசித்தார்கள். நாஜி அரசு பொய் என்று கத்தியது. கத்தக் கத்த மக்கள் இன்னும் நம்பினார்கள். ஆனால் அது பொய்தான். பிரிட்டிஷ் ரகசியப் பரப்புரைக் குழுவில் செஃப்டன் டெல்மரும் கூட்டாளிகளும் உட்கார்ந்து தயாரித்தது. போருக்குப் பிறகு டெல்மரே அதைச் சொல்லிவிட்டார். ஆக, மோல்டர்ஸ் ஆட்சியை எதிர்த்த கத்தோலிக்கர் என்ற பிம்பத்தில் பெரும்பங்கு எதிரி நாட்டின் கைவேலை. அந்த மணத்தோடுதான் 1960-களின் இறுதியில் ஒரு போர்க்கப்பலுக்கும், 1973-ல் நொய்பர்க்கில் இருந்த 74-ஆம் போர் விமானப் பிரிவுக்கும் அவர் பெயர் வந்தது.

1998 ஏப்ரலில் ஜெர்மன் நாடாளுமன்றம், கோண்டோர் படையில் இருந்தவர்கள் பெயரில் ராணுவ இடங்கள் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஸ்பெயினின் கெர்னிகா நகரம் அந்தப் படையின் குண்டுவீச்சில் அழிந்ததன் நினைவு அதன் பின்னணி. ஏழு வருஷம் இழுத்தடித்து, 2005-ல் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் ஸ்ட்ரூக் பெயரை எடுத்தார். ஓய்வுபெற்ற தளபதிகள் கொதித்தார்கள். அவர்கள் சொன்ன ஒன்று உண்மை: கெர்னிகா அழிந்தது 1937 ஏப்ரலில், மோல்டர்ஸ் ஸ்பெயின் போனது அடுத்த வருஷம். அந்தப் படுகொலையில் அவருக்குப் பங்கு இல்லை. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டிருக்கலாம். ஜெர்மன் விமானப்படையின் 71-ஆம் பிரிவு இன்றும் ரிக்ட்ஹோஃபன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது முதல் உலகப்போர் விமானி மான்ஃபிரெட் ரிக்ட்ஹோஃபன். ஆனால் கெர்னிகா தாக்குதலைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர் அவர் உறவினர் வொல்ஃபிராம் ரிக்ட்ஹோஃபன். ஒரே குடும்பப்பெயர் ஒருபக்கம் பெருமை, இன்னொரு பக்கம் கறை.

அப்படியும் மோல்டர்ஸ் பெயரை எடுத்தது சரி என்பேன். கெர்னிகாவை அவர் தலையில் கட்ட வேண்டிய தேவையே இல்லை. தேர்தலில் வந்த ஓர் அரசைக் கவிழ்க்க நடந்த போருக்குத் தானாக முன்வந்து போனவர் அவர். ஜனநாயக நாட்டின் படைக்கு அந்த ஒரு விஷயமே போதுமான தடை. மற்றபடி அவர் மனதில் என்ன இருந்தது என்பதை, போலிக் கடிதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தீர்மானமாகச் சொல்ல இடமில்லை. நிரூபிக்க முடியாத நல்ல எண்ணத்தை நம்பி வாசலில் பெயர் எழுத முடியாது.

இங்கேதான் மூவருக்கும் பொதுவான ஒன்று தெரிகிறது. 22, 26, 28. மூவரும் போர் முடியும் முன்பே போய்விட்டார்கள். வதைமுகாம்களின் படங்கள் வெளிவந்தபோது அவர்கள் முகத்தில் என்ன தெரிந்திருக்கும், 1950-களில் யாரோடு சேர்ந்திருப்பார்கள், பழைய பதக்கங்களை மாட்டிக்கொண்டு பெருமை பேசியிருப்பார்களா, வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? எதுவும் தெரியாது. இளம் வயதில் இறந்தவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் சிலை வைக்க அவர் வசதியானவர். ஸ்டைன்ஹாஃப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் உருகிப்போன முகத்தோடு.

துரிங்கியாவில் 1913-ல் பிறந்த ஸ்டைன்ஹாஃப், யேனா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்து ஆசிரியராக நினைத்தவர். வேலை கிடைக்காததால் கடற்படையில் சேர்ந்து, அங்கிருந்து விமானப்படைக்கு வந்தார். போரின் முதல் ஆண்டு முதல் கடைசி மாதம் வரை, ஆங்கிலக் கால்வாய்க்கரை, ரஷ்யா, துனிசியா, சிசிலி என்று பறந்து 176 வெற்றிகள். பன்னிரண்டு முறை சுட்டு வீழ்த்தப்பட்டார். 1945 ஜனவரியில், போர் விமானிகளைக் கோழைகள் என்று பழித்த கோரிங்கை நேருக்கு நேர் எதிர்த்த தளபதிகளில் அவரும் ஒருவர். அவர்கள் சார்பில் கியூந்தர் லுட்சோவ் என்ற விமானி பேச, கோரிங் அவரைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டினார். இதைப் பெரிய எதிர்ப்புப் போராட்டமாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கேட்டது விமானங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றி, தலைமையின் திறமையின்மையைப் பற்றி. அந்த ஆட்சியின் குற்றங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

1945 ஏப்ரல் 18, மியூனிக் ரீம் விமானதளம். மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தில் கிளம்பும்போது ஓடுபாதையில் சறுக்கி விபத்து. எரிபொருளும் ராக்கெட்டுகளும் வெடித்தன. உயிர் பிழைத்தார், ஆனால் இமைகள்கூட எரிந்துபோயின. கண்ணை மூடித் தூங்க முடியாமல் பல வருஷம் வாழ்ந்தார். 1969-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர்தான் அவருக்குப் புதிய இமைகளைச் செய்துகொடுத்தார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஜெட் விமானத்தின் உடற்பகுதிகளை ஆஸ்திரியாவின் குசென் வதைமுகாமில் சுரங்கங்களுக்குள் கைதிகளைச் சாகச் சாக வேலை வாங்கிச் செய்தார்கள். ரீம் தளத்துக்குச் சற்றுத் தொலைவில்தான் டாக்கௌ முகாம். ஏப்ரல் 29 அன்றுதான் அது விடுவிக்கப்பட்டது. ஸ்டைன்ஹாஃப் கடைசிவரை பறந்தது அந்த ஆட்சிக்காக. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் அர்த்தம் இல்லை.

பிறகு ஏன் அவர்? 1955-க்குப் பின் அவர் செய்ததைப் பாருங்கள். புதிய விமானப்படையில் சேர்ந்தார், வாஷிங்டனில் நேட்டோவின் ராணுவக் குழுவில் ஜெர்மனியின் பிரதிநிதி ஆனார். அதே காலத்தில் ஜெர்மனி 916 ஸ்டார்ஃபைட்டர் விமானங்களை வாங்கியிருந்தது. நல்ல வானிலையில் உயரத்தில் பாய்ந்து எதிரியை மறிக்க வடிவமைத்த விமானம். அதில் குண்டையும் கருவிகளையும் ஏற்றி, மூடுபனியில் தாழப் பறக்கவிட்டார்கள். அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் பயிற்சி எடுத்த இளைஞர்கள் ஐரோப்பிய மேகங்களுக்குள் தடுமாறினார்கள். பராமரிக்கப் போதுமான தேர்ந்த ஆட்கள் இல்லை. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பத்திரிகைகள் அதற்கு ‘விதவை ஆக்கி’ என்று பெயர் வைத்தன. மொத்தத்தில் ஏறத்தாழ 300 விமானங்கள் அழிந்தன, 116 விமானிகள் இறந்தார்கள். 1966-ல் விமானப்படைத் தலைவர் பானிட்ஸ்கி பதவி விலக, அந்த நாற்காலி ஸ்டைன்ஹாஃபிடம் வந்தது. போதிய அதிகாரம் தந்தால்தான் ஏற்பேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டே உட்கார்ந்தார். பயிற்சியையும் பராமரிப்பையும் திருத்தினார், தப்பிக்கும் இருக்கையை மாற்றச் செய்தார், விபத்து விகிதம் இறங்கியது. 1971 முதல் 1974 வரை நேட்டோ ராணுவக் குழுவுக்கே தலைவர். ஒருகாலத்தில் அவர் எதிர்த்துப் பறந்த நாடுகளின் தளபதிகள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

2018-ல் வந்த ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சின் ஆணையும் இதையேதான் கேட்கிறது. ஹிட்லர் காலப் படை ஒரு நிறுவனமாக மரபு ஆகாது. தனிமனிதர் என்றால், எதிர்ப்பியக்கத்தில் இருந்தவரா அல்லது புதிய ராணுவத்தைக் கட்டியெழுப்பியவரா என்று பார்க்க வேண்டும். மோல்டர்ஸும் மார்செய்யும் லென்டும் இரண்டிலும் வரமாட்டார்கள். ஸ்டைன்ஹாஃப் இரண்டாவதில் சந்தேகமில்லாமல் வருகிறார். லாகெ ஊரில் இருக்கும் 73-ஆம் பிரிவும் பெர்லின் காட்டோவில் இருக்கும் முகாமும் அவர் பெயரோடு நீடிப்பது அதனால்தான்.

ஹார்ட்மனை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பத்து வருஷம் சோவியத் சிறையில் இருந்தவர், புதிய படையிலும் பணியாற்றியவர், ஸ்டார்ஃபைட்டர் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லி மேலிடத்தோடு மோதியவர். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் எச்சரிப்பது ஒரு வேலை, விழுந்துகொண்டிருக்கும் படையைத் தூக்கி நிறுத்துவது இன்னொரு வேலை. பெயர்ப்பலகைக்கு நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆப்பன் முகாமுக்கு வந்த புதிய பெயர் எனக்கு இன்னும் பிடித்தது. யுர்கன் ஷுமன், முன்னாள் ஸ்டார்ஃபைட்டர் விமானி, பிறகு லுஃப்தான்சா கேப்டன். 1977 அக்டோபரில் மயோர்காவிலிருந்து கிளம்பிய லாண்ட்ஸ்ஹூட் விமானம் கடத்தப்பட்டபோது அதை ஓட்டியவர். கடத்தியவர்கள் எத்தனை பேர் என்ற தகவலைச் சாமர்த்தியமாக வெளியே தெரிவித்தார். ஏடனில் மணலில் தரையிறங்கியபின் சக்கரங்களைப் பார்க்க வெளியே இறங்கியவர், திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவர் இல்லை. திரும்பி வந்தார், பயணிகள் கண்முன்னே சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாள் கழித்து மொகாதிஷுவில் பயணிகள் மீட்கப்பட்டார்கள். போருக்கு நடுவில் பிறந்தவர் என்பதால் அந்தப் போரின் கணக்கு எதுவும் அவர் மேல் இல்லை.

ஆகவே முடிவு இப்படி. பயிற்சிப்பள்ளி என்றால் ஷுமன். இருபது வயதுக்காரர்கள் கற்க வேண்டியது அங்கே தெளிவாக இருக்கிறது. பறக்கும் படைப்பிரிவு என்றால் ஸ்டைன்ஹாஃப். இரண்டுமே பொருந்தாத இடத்தில் ஊர்ப்பெயரே போதும். நொய்பர்க் பிரிவு இப்போது வெறும் எண்ணோடுதான் இருக்கிறது, அதனால் அவர்கள் விமானங்கள் ஒன்றும் தாழப் பறக்கவில்லை. ஸ்டைன்ஹாஃப் பெயருக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைப்பேன். வாசலில் அவர் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போது 1966-ஐயும் நேட்டோவையும் எழுதுங்கள். அதே பலகையில், அதே அளவு எழுத்தில், 1945 ஏப்ரலில் அவர் ஓட்டிய விமானத்தை யார் செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.